துண்டு போட்ட இடம்

துருவைத் தட்டில் வளர்க்க முடியாது.
அகர் ஊற்றினாலும் சர்க்கரை கலந்தாலும்
எவ்வளவு கெஞ்சினாலும் வராது.
அதற்கு உயிருள்ள காப்பி இலை வேண்டும்,
அதுவும் அடிப்பக்கம்.
அவ்வளவு நாக்கு நீளம்.

எனவே ஹெப்பாளில், இரண்டாம் மாடியில்,
நான் இலையிலிருந்து பொட்டு வெட்டுகிறேன்,
ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னதாக.
ஈரப் பஞ்சின்மேல்
வயிறு மேலே தெரியப் படுக்க வைக்கிறேன்,
பெட்டிக்கு இருபத்தைந்து.

முதல் நாள் பொட்டுக்கு ஒரு துளி கலங்கல் நீர்.
அதில் கோடிப் பேர்.
மறுநாள் தூரிகையால் துருவின் ஆரஞ்சுத் தூள்.
பிறகு ஓர் இரவு கறுப்புத் துணி.
இருட்டில்தான் துரு கண் விழிக்கும்,
இலைத்துளையைத் தேடி
ஒரு விரல் நீட்டும்.

கோடிப் பேர் வந்தது மடிக்கேரிப் பக்கத்திலிருந்து.
அப்பச்சுவின் தோட்டத்தில்
ஒரு வரிசை முழுக்க மொட்டையாய் நிற்க
இலையோடு நின்றது ஒரே ஒரு செடி.
அதைக் கழுவிய தண்ணீர்
இங்கே அறுபத்திரண்டு குப்பிகளில்
அறுபத்திரண்டு குடும்பமாயிற்று.
பேர் வைக்கவில்லை. எண்தான்.

மூன்று வாரம் கழித்து எண்ண வேண்டும்.
என் சம்பளம் எண்ணுவதற்கு.
பெட்டி பன்னிரண்டு: நூற்று நாற்பது புள்ளி.
பெட்டி முப்பது: எண்ண முடியவில்லை,
மஞ்சள்தூள் டப்பா கவிழ்ந்ததுபோல.
பெட்டி நாற்பத்தேழு:
லென்ஸைத் துடைத்தேன்.
மறுபடி துடைத்தேன்.

டாக்டர் வசுந்தரா எட்டிப் பார்த்து
"தூள் போட மறந்துட்டியா, ஸ்டெல்லா?" என்றார்.
மறக்கவில்லை. நோட்டில் இருக்கிறது, நேரம் உட்பட.
"திரும்பப் பண்ணு."
பண்ணினேன். மூன்று.
திரும்ப. ஒன்றுமில்லை.
திரும்ப. பதினொன்று;
அந்த வாரம் மின்சாரம் போய் அறை சூடாகியிருந்தது.
பதினொன்றைப் பார்த்த பிறகுதான்
எனக்கு நம்பிக்கையே வந்தது.

என்னதான் செய்கிறார்கள் அங்கே?
பூஞ்சையின் தோலைக் கரைக்கும்
சோப்பு மாதிரி ஏதோ சுரக்கிறார்கள் என்று
அறிக்கையில் எழுதுகிறோம். அதுவும் உண்மை.
எனக்கு விளங்கியது சிவாஜிநகர் பஸ் நிலையத்தில்,
மாலை ஆறேகாலுக்கு.
வண்டி நிற்குமுன்னே ஜன்னல் வழியாக
ஒரு கை உள்ளே போகிறது.
துண்டு, கர்ச்சீப், ஒரு நாள் டிபன் பை.
துண்டு சண்டை போடாது.
துண்டுக்கு வாய் கிடையாது.
ஆனாலும் அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை.

இலையின் அடிவயிற்றில்
துளைக்குத் துளை துண்டு.
துரு ஏறுகிறது, நெரிசலில் நிற்கிறது,
கம்பியைப் பிடிக்கப் பார்க்கிறது,
உட்காராமலே காய்ந்துபோகிறது.

ஜூன் கடைசியில் நாற்பது செடிக்குத் தெளித்தோம்.
அன்றிரவே மழை. நான்கு நாள் விடவில்லை.
அப்பச்சு போன் செய்தார்:
"உங்க ஆளுங்க எல்லாம் ஓடைக்குப் போயிட்டாங்கம்மா.
இனிமே எங்க மீனுக்குத் துரு வராது."
நான் சிரித்துவிட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.

இப்போது மரவள்ளிக் கஞ்சி கலக்கிறோம்,
காட்டன் புடவைக்குப் போடுவதைவிட நீர்க்க.
குழாய்த் தண்ணீர் மழையில்
எட்டு நாள் ஒட்டி நின்றது.
மடிக்கேரி மழையை இன்னும் கேட்கவில்லை.

கேட்கத்தான் போகிறேன்.
சாட்டிலைட் நிலையம், விடிகாலை ஐந்தரை.
ஐஸ்பெட்டியை ஜன்னலோரம் வைத்து
குலுங்காமல் என் துப்பட்டாவால் கட்டியிருக்கிறேன்.
வண்டி நிறைந்துகொண்டு வருகிறது.
கண்டக்டர் குனிந்து கேட்கிறார்:
"இங்க ஆள் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை பேர்?"

எண்ணுகிறவள் நான்,
வாயைத் திறந்து மூடினேன்.
அவர் என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு
லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்தார்.